மூன்று புள்ளி ஏழின் சாவி

"மேடம், நான் இங்க வந்து இன்னையோட எழுபத்தோரு நாள் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு ஃபிக்ஸைக்கூட என்னை உள்ளே போட விடலை" என்றார் துளசிங்கம்.

எஸ்தர் ஜெபக்கனி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்தோரு நாளா?" என்று கேட்டார். "நான் அறுபதுன்னுல்லா நெனச்சேன்."

இவர்கள் யார், எதற்குள் எதைப் போட விடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில், பீளமேட்டுக்குப் பின்னால், நாழிகை ஆட்டோமேஷன்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. பள்ளிக்கூடங்களுக்குத் தானாக அடிக்கும் மணி செய்வது அவர்கள் தொழில். ஒரு பெட்டி, ஒரு ஒலிபெருக்கி, பெட்டிக்குள் ஒரு சாஃப்ட்வேர். காலைப் பிரார்த்தனை, ஒவ்வொரு பாடவேளை, மதியச் சாப்பாடு, வீட்டுக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் அதுவே நேரம் பார்த்து அடித்துவிடும்.

அந்த சாஃப்ட்வேரில் இரண்டு பதிப்பு. புதியது ஐந்து. அதில் மாதம் ஒரு வசதி வரும், வசதியோடு பிழைகளும் வரும், பின்னாலேயே பிழைகளுக்கான திருத்தங்கள் வரும். ஃபிக்ஸ் என்பது இந்தத் திருத்தம்தான்.

பழையது மூன்று புள்ளி ஏழு. நானூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் ஆறு வருடமாக ஓடுகிறது. அதில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பள்ளிக்கூடமே நின்றுபோகும் அளவுக்குப் பிழை இருந்தால் மட்டும் கை வைக்கலாம். இப்படிப்பட்ட பதிப்புக்கு ஸ்டேபிள் என்று பெயர்.

அந்த ஸ்டேபிளுக்கு ஒரு சாவி உண்டு. இடுப்பில் செருகிக்கொள்கிற சாவி இல்லை, கம்ப்யூட்டரில் கொடுக்கிற அனுமதி. அது யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும்தான் மூன்று புள்ளி ஏழுக்குள் ஒரு திருத்தத்தைப் போட முடியும். ஆறு வருடமாக அது எஸ்தரிடம் இருந்தது. எஸ்தருக்கு வயது முப்பத்து நான்கு, சொந்த ஊர் நாசரேத். கணவருக்கு மாற்றலாகிவிட்டதால் ஜூனில் ஊரோடு போகிறார்.

அவர் இடத்துக்கு வந்தவர் துளசிங்கம். வயது ஐம்பத்திரண்டு. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேக் வெட்டி அனுப்பி வைக்கப்பட்டவர்.

முதலாளி நஞ்சப்பன் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். மூன்று மாதம். அதற்குள் எஸ்தர் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரயிலேற வேண்டியதுதான்.

இரண்டாம் தடவையும் வேலை போய் வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று துளசிங்கத்துக்கு உள்ளூர நடுக்கம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது குறையவும் இல்லை.

"என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் எஸ்தர்.

"மூணு புள்ளி ஏழை எப்படிப் பாத்துக்கறதுன்னு கத்துக்குடுங்க மேடம். போதும்."

எஸ்தர் எதிர் மேஜையைக் காட்டினார். சோதனைக்காக ஒரு மணிப்பெட்டி அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் பதினொன்று பத்து.

"உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பதினொன்றே காலுக்குப் பெட்டி மணி அடித்தது.

"என்ன கேட்டுது சார்?"

"மணி."

"அப்புறம்?"

துளசிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"அப்புறம் ஒண்ணும் கேக்கலை மேடம்."

"அதான் மூணு புள்ளி ஏழு" என்று சொல்லிவிட்டு எஸ்தர் கடலைத்தோலை ஊதித் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார்.

துளசிங்கம் தன் டைரியைத் திறந்தார். 'பயிற்சி, எழுபத்தோராம் நாள்: மணி கேட்டோம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

*

மறுநாள் அவர் ஒரு பட்டியலோடு வந்தார்.

சாதாரணப் பட்டியல் இல்லை. ஐந்தாம் பதிப்பில் இதுவரை போட்டு, மூன்று புள்ளி ஏழுக்கு இன்னும் வந்து சேராத திருத்தங்கள் அத்தனையும் அதில் இருந்தன. நூற்று நாற்பத்து மூன்று வரிசை, பதினோரு பத்தி. எண், தேதி, எழுதியவர், தீவிரம், அவசரம், தீவிரத்தையும் அவசரத்தையும் பெருக்கி வந்த மதிப்பெண் என்று போய்க்கொண்டே இருந்தது. அபாயத்துக்குச் சிவப்பு, சுமாருக்கு மஞ்சள், பரவாயில்லைக்குப் பச்சை. எழுபத்தோரு நாளில் எழுபது நாள் இதற்குத்தான் போயிருந்தது.

அவருடைய பழைய கம்பெனியில் இதைக் காட்டியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். பிறகு கேக் வெட்டியிருப்பார்கள்.

எஸ்தர் மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தார்.

"அழகா இருக்கு சார்."

"நன்றி மேடம்."

"இதுல அழுதது யாரு?"

"என்ன மேடம்?"

"நூத்தி நாப்பத்து மூணு பிழை இருக்குல்லா. அதுக்காக அழுதது யாரு?"

துளசிங்கம் பட்டியலைப் பார்த்தார். பதினோரு பத்தியிலும் அது இல்லை.

அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பன்னிரண்டாவதாக ஒரு பத்தி சேர்த்தார். தலைப்பு: அழுதவர். அதற்கு ஊதா நிறம் கொடுத்தார்.

அந்தப் பத்தியை நிரப்புவதற்குத் தொலைபேசியை எடுத்தார். கம்பெனியிடம் மணி வாங்கிய பள்ளிகள் ஒன்று விடாமல் கூப்பிடுவது என்று முடிவு.

முதலில் காங்கேயம் பக்கத்தில் ஒரு தலைமை ஆசிரியர்.

"வணக்கம் சார். மணி எப்படி அடிக்குது?"

"நேரத்துக்கு அடிக்குதுங்க."

"ஏதாவது குறை உண்டுங்களா?"

"இல்லீங்களே." பிறகு குரல் தாழ்ந்தது. "ஏனுங்க, எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

அடுத்தது ஒரு தலைமை ஆசிரியை. அவரிடம் குறை இருந்தது.

"நான் லீவு போட்டாலும் அது பாட்டுக்கு அடிக்குதுங்க. நான் இல்லாமயே பள்ளிக்கூடம் நடக்கும்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

துளசிங்கம் யோசித்து, தீவிரம் என்ற பத்தியில் 'சுமார்' என்று போட்டார்.

பிறகு ஒரு விளையாட்டு ஆசிரியர். அவர் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி மூன்று விநாடி தாமதமாக அடிப்பது ஐம்பத்தெட்டாம் வரிசையில் சிவப்பில் இருந்தது.

"அதைச் சரி பண்ணிடலாமா சார்?"

"ஐயோ வேண்டாமுங்க. அந்த மூணு செகண்டுலதான் நான் கேட்டைத் திறக்கறேன். இல்லாட்டி என்னை மிதிச்சுட்டுப் போயிருவானுங்க."

இப்படியே பதினைந்து நாள் போனது. கூப்பிட்டதில் பாதிப்பேர், புதிதாக எதையோ தலையில் கட்டப் பார்க்கிறான் என்று போனை வைத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் துளசிங்கம் எஸ்தரையும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் பதிப்பில் வேலை செய்கிற முபாரக் ஒருநாள் எஸ்தரிடம் வந்து நின்றார்.

"அக்கா, சூப்பரா ஒரு ஃபிக்ஸ் எழுதியிருக்கேன். மூணு புள்ளி ஏழுலயும் போட்டுரலாமா?"

"நாளைக்கு வாங்க முபாரக்."

மறுநாள் வந்தார். "நாளைக்கு வாங்க" என்றார் எஸ்தர். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் முபாரக் வரவில்லை. எஸ்தர் கம்ப்யூட்டரில் ஒரு வரி ஏதோ அடித்துவிட்டுக் கடலை டப்பாவைத் திறந்தார்.

இதற்குப் போய் ஒரு சம்பளமா என்று துளசிங்கத்துக்குத் தோன்றியது. தோன்றியதற்காகக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

*

எண்பத்தாறாம் நாள் அவருக்குப் புதையல் கிடைத்தது.

தொண்ணூற்றேழாம் வரிசை. 'மதியச் சாப்பாட்டு மணி இரண்டு முறை அடிக்கிறது.' இதற்கு அழுதவர்கள் இருந்தார்கள். ஒன்றல்ல, நான்கு பள்ளி. அதில் ஒரு பள்ளியின் ஆசிரியர் நடந்ததை விவரமாகவே சொன்னார். முதல் மணிக்குப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தட்டில் சோறு விழுவதற்குள் இரண்டாவது மணி. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதென்று தட்டோடு வகுப்புக்குத் திரும்பி ஓடுகிறார்கள்.

துளசிங்கம் எஸ்தரைத் தேடிக்கொண்டு போனார். அவர் கையில் பை. அண்ணன் மகள் ஞானஸ்நானத்துக்கு நாசரேத் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், கிடைச்சிருச்சு. நாலு பள்ளிக்கூடம் அழுதிருக்கு."

"எந்த நாலு சார்?"

"எல்லாம் பட்டியல்ல இருக்கு. ஃபிக்ஸும் ஐந்தாம் பதிப்புல ரெடியா இருக்கு. அப்படியே எடுத்து இதுல வச்சா போதும். ரொம்பச் சின்னது, ரெண்டே வரி."

எஸ்தர் பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டே வரியா?"

"ஆமா மேடம்."

"அப்ப நெறைய நேரம் பாக்கணுமே" என்றார். "நாளன்னைக்கு வந்துருவேன் சார். வந்ததும் பாப்போம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

துளசிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் நான்கே நாள். ரெண்டு வரிக்கு நிறைய நேரமாம். நான்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த அம்மாள் பஸ் ஏறப் போகிறார். அவர் நேராக நஞ்சப்பன் அறைக்குப் போனார்.

நஞ்சப்பன் முன்பு மோட்டார் பம்புக்கு ஸ்டார்ட்டர் செய்துகொண்டிருந்தவர். சாஃப்ட்வேர் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் பெட்டி. அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதைத் தொட்டதில்லை.

"கொழந்தைங்க சோறு திங்க முடியாம ஓடுதுங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"அப்புறம் என்னங்க யோசனை? போடுங்க."

மறுநாள் காலை, அந்த ஒருநாளைக்கு மட்டும், சாவி துளசிங்கம் கைக்கு வந்தது.

அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், மனிதர் அவ்வளவு ஒழுங்கானவர். முதலில் பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தார். இரண்டு வரியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். அதை உள்ளே போட்டார். பிறகு அதற்கென்று ஒரு சோதனை எழுதினார். 'மதிய மணி இரண்டாம் முறை அடிக்கக் கூடாது.'

பன்னிரண்டு நாற்பதுக்குச் சோதனைப் பெட்டி அந்தச் சோதனையைத் தானாகவே செய்துகொண்டது. அந்த நேரத்தில் துளசிங்கம் கேன்டீனில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது திரையில் அறிக்கை தயாராக இருந்தது.

'இரண்டாம் மணி: அடிக்கவில்லை. முடிவு: தேர்ச்சி.'

அவர் அதை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் வைத்தார்.

மூன்று புள்ளி ஏழு புள்ளி இருபது என்று அதற்குப் பெயர் வைத்து வெளியிட்டார். எந்த வெளியீடும் முதலில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து அறுபத்தொரு பள்ளிகளுக்குப் போகும். ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு. வெளியீட்டுக் குறிப்பை அவரே தன் கைப்பட எழுதினார்.

'மதிய மணி தொடர்பான தொல்லை முற்றிலுமாக நீக்கப்பட்டது.'

அன்று மாலை மனைவிக்குப் போன் செய்து, அனேகமாக நிரந்தரம் ஆகிவிடும் என்று சொன்னார். அந்தம்மாள் போனை வைக்காமலே சாமிக்கு விளக்கேற்றப் போனார்.

*

மறுநாள் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு அறுபத்தொரு பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முதல் போன் வந்தது.

"சார், மணி அடிக்கலைங்க."

"ரெண்டாவது மணிதானே? அதைத்தான் நீக்கிட்டோம்" என்றார் துளசிங்கம் பெருமையோடு.

"இல்லீங்க. மொதல் மணியே இல்லீங்க."

அடுத்த போன் ஒரு பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அந்த அம்மாளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"சோறு ஆறுதுங்க. பருப்பு கெட்டியாகிருச்சு. புள்ளைங்க ஜன்னல் வழியா என்னையே பாக்குது. நான் கரண்டியும் கையுமா அதுகளைப் பாக்கறேன். மணி அடிக்காம விடமாட்டேங்கறாரு வாத்தியாரு. ஏனுங்க, உங்களுக்குக் கொழந்தை குட்டி இல்லீங்களா?"

மூன்றாவது ஒரு தலைமை ஆசிரியர். அவர் குரலில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"என் வாட்ச்ல மணி ஒண்ணு ஆச்சுங்க. ஆனா மணி அடிக்கலீங்களே. நான் எதை நம்பறது?"

"வாட்சை நம்புங்க சார். வாட்சை நம்பிப் பிள்ளைகளைச் சாப்பிட விடுங்க" என்று துளசிங்கம் கெஞ்சினார்.

"அப்படீங்களா? ஆறு வருசமா அது தப்பா அடிச்சதே இல்லீங்க. அதனால என் வாட்சுதான் வேகமா ஓடுதுன்னு இருந்துட்டேன்."

நான்காவதாக ஒரு கணக்கு ஆசிரியர். அவர் மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"இன்னைக்குத்தான் சார் கூட்டுத் தொடர்வரிசையை ஒரே மூச்சுல முடிச்சேன். ஒரு பய எந்திரிக்கலை. இந்த வசதி மத்த நாள்லயும் கிடைக்குமுங்களா?"

துளசிங்கம் போனை வைத்தார். அடுத்து வந்தது, அதற்கடுத்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும், வாட்சைப் பாருங்கள், பிள்ளைகளை விடுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று. ஒன்றேகாலுக்குள் எல்லாப் பள்ளியிலும் எப்படியோ தட்டில் சோறு விழுந்துவிட்டது.

போன் ஓய்ந்ததும் துளசிங்கம் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபத்தொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பசியோடு உட்கார வைத்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை விடவில்லை. இருபத்தாறு வருட வேலையில் அவர் இப்படி வெட்கப்பட்டதில்லை. கண் கலங்கியது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி வேகவேகமாக எதையோ எழுத ஆரம்பித்தார்.

ஒன்றரைக்கு எஸ்தர் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வருகிறார். தோளில் பை, கையில் முதலூர் மஸ்கோத் அல்வாப் பொட்டலம். வாசலிலேயே விஷயம் காதுக்கு எட்டிவிட்டது.

அவர் திட்டவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, துளசிங்கத்தின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"இன்னொரு ஃபிக்ஸ் மேடம். மதியத்துல மணி அடிக்கலைன்னா தானா ஒரு மணி அடிக்கற மாதிரி."

"அது ரெண்டு தடவை அடிச்சுட்டா?"

"அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு ஃபிக்ஸ்..."

துளசிங்கம் நிறுத்திக்கொண்டார். விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்.

"எடுத்துருங்க சார்" என்றார் எஸ்தர்.

"எதை மேடம்?"

"போட்டதை."

இரண்டு வரி வெளியே வந்தது. மூன்று புள்ளி ஏழு புள்ளி இருபத்தொன்று என்று ஒன்றை வெளியிட்டார்கள். அது எழுத்துக்கு எழுத்து மூன்று புள்ளி ஏழு புள்ளி பத்தொன்பதுதான். பெட்டிகள் ஒவ்வொன்றாக அதை வாங்கிக்கொண்டன. நான்கு பத்துக்கு அறுபத்தொரு பள்ளியிலும் வீட்டு மணி அடித்தது. ஒருவரும் போன் செய்யவில்லை.

*

"மேடம், அந்த ரெண்டு வரியிலயும் தப்பே இல்லை" என்றார் துளசிங்கம். "நான் எழுத்து எழுத்தாப் பாத்தேன். ஐந்தாம் பதிப்புல இன்னைக்கும் அது நல்லாத்தான் வேலை செய்யுது."

"நல்ல ஃபிக்ஸ்தான் சார்" என்றார் எஸ்தர். "அஞ்சுல மதியம் எத்தனை தடவை அடிச்சுது?"

"ரெண்டு. சின்ன கிளாஸுக்குத் தனியா, பெரிய கிளாஸுக்குத் தனியா மணி வைக்கற வசதியைப் புதுசா கொண்டு வந்தாங்க. அதுல ரெண்டும் சேந்து அடிச்சுது."

"ஃபிக்ஸ் என்ன பண்ணிச்சு?"

"மொதல்ல வர்ற மணியை அடிக்காம விட்டுரும்."

"மூணு புள்ளி ஏழுல எத்தனை தடவை அடிச்சுது?"

"ஒண்ணுதான் மேடம்" என்றார் துளசிங்கம். இருந்த அந்த ஒரு மணியையும் ஃபிக்ஸ் அடிக்காமல் விட்டுவிட்டது என்று சொல்லும்போதே புரிந்தது.

அந்தப் புது வசதியே மூன்று புள்ளி ஏழில் கிடையாது. அழுத நான்கு பள்ளியும் ஐந்தாம் பதிப்பை வைத்திருப்பவை. அவர்கள் சொன்னது, அங்கே ஃபிக்ஸ் வருவதற்கு முந்திய பழைய அழுகை. பன்னிரண்டு பத்தி போட்டவர், அழுதவர் பள்ளியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஒரு பத்தி போடவில்லை.

எஸ்தர் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துளசிங்கம் குடித்தார்.

"நான் எப்படியும் இந்த வாரத்தோட கிளம்பிடுவேன் மேடம்" என்றார். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். நீங்க வச்சிருக்கற பட்டியலை எனக்குக் காட்டுங்க. என்னென்ன போடணும்னு நீங்க எப்படிக் கணக்கு வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்."

"போடறதுக்கு எங்கிட்ட பட்டியலே கிடையாது சார்."

"பின்னே?"

எஸ்தர் தன் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறந்தார். நிறம் இல்லை, பத்தி இல்லை, வரிவரியாக எழுத்து மட்டும். மேலே 'போடாதவை' என்று இருந்தது. மொத்தம் அறுநூற்றுப் பதினெட்டு வரி.

துளசிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கங்கே படிக்க ஆரம்பித்தார்.

'பிறந்தநாள் பாட்டு மணி. யாரும் கேட்கவில்லை.'

'வெள்ளிக்கிழமை மூன்று விநாடித் தாமதம். கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்கிறார்கள்.'

'நல்ல திருத்தம். ஆனால் இது எப்படி வேலை செய்கிறதென்று எழுதியவருக்கே தெரியவில்லை.'

'முதலாளி கேட்டார். பதினைந்து நாளில் மறந்துவிடுவார்.' அதே வரியில் பதினைந்து நாள் தள்ளி இன்னொரு தேதி போட்டு, 'மறந்துவிட்டார்.'

'முபாரக்கின் திருத்தம். மூன்று முறை நாளைக்கு வரச் சொன்னேன். நான்காம் நாள் அதிலேயே ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.'

படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாளில் சிரிப்பு வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஐந்நூற்று எழுபத்தொன்றாம் வரியில் சிரிப்பு நின்றது.

'மதிய மணி இரட்டிப்பு. இந்தப் பிழை மூன்று புள்ளி ஏழில் பிறக்கவே இல்லை. போடாதே.'

தேதியைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முந்தியது.

"இது எட்டு மாசமா இங்கயே இருந்துதா மேடம்?"

"ஆமா சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கலாமே."

"வந்த நாள்லேர்ந்து, போடறதுக்கு என்ன இருக்குன்னுதான சார் கேட்டுட்டு இருந்தீங்க" என்றார் எஸ்தர்.

அப்போது நஞ்சப்பன் உள்ளே வந்தார். மாற்றுச் சாவி கொடுத்தது தான்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஏனுங்க எஸ்தர், இந்த வாரத்தோட மூணு மாசம் முடியுதுங்க. சாரை என்ன பண்றது? ஆகுங்களா, ஆகாதுங்களா?"

துளசிங்கம் எழுந்து நின்றுகொண்டார். சென்னை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்குமா, மனைவியிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றெல்லாம் மனது ஓடிற்று.

"ஒரு நிமிஷம் சார். பட்டியலைப் பாத்துச் சொல்லிடறேன்" என்றார் எஸ்தர். கோப்பைக் கீழே நகர்த்தி, ஒரு வரியில் நிறுத்தினார். துளசிங்கம் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் எழுதிய வரி அது.

"வாசிங்க சார்."

துளசிங்கம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார்.

'துளசிங்கம் சாருக்குச் சாவி. இப்போது கொடுக்காதே. காரணம்: இவர் கையால் இன்னும் எதுவும் கெட்டதில்லை.'

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

எஸ்தர் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இந்தக் காரணம் இப்பவும் நிக்குதா சார்?"

"இல்லை மேடம்" என்றார் துளசிங்கம்.

"அப்ப அந்த வரியை எடுத்துருங்க."

துளசிங்கம் உட்கார்ந்து அந்த வரியை நீக்கினார். காரணம் எழுதாமல் அந்தக் கோப்பிலிருந்து எதையும் எடுக்க முடியாது. திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து, ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டது.

அவர் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். எஸ்தர் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து நஞ்சப்பனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

துளசிங்கம் கட்டத்தில் எழுதினார்:

'அறுபத்தொரு பள்ளிக்கூடம்.'